யாருக்குப் போனது அந்த இரும்பு

எனக்கு முதலில் சொன்ன வியாதி ரத்தசோகை. அது பொய்யும் இல்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த டாக்டர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லம்மா. இப்படியே ஸ்கூலுக்கு ஓடிக்கிட்டு இருந்தா ஒருநாள் போர்டு முன்னாடியே விழுவீங்க" என்றார்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. அப்படிப்பட்டவள் அந்த ஜூன் மாதம் மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் இரும்புச் சத்து ஊசி எழுதித் தந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து ஊசி. இடுப்பில் போடும் ஊசி அது. மருந்து கறுப்பும் சிவப்புமாக இருக்கும். போட்ட இடத்தில் காப்பிக் கறை போல ஒரு தடம் விழுந்து பல மாதங்கள் மறையவில்லை. ஊசி போதாதென்று வீட்டில் ரூபி அக்கா இறங்கிவிட்டார். அவர் என் கணவர் தேவராஜின் அக்கா. கணவரை இழந்து எங்களோடு வந்து இருந்தவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்ததும் நேராகக் குரோம்பேட்டை கறிக்கடைக்குப் போய் ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் வாங்கிவருவார். மற்ற நாட்களில் முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு எஸ்தர். ரத்தம் ஊறும்" என்பார். நான் முழுங்கினேன்.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் கூடியது. எட்டாவது ஊசிக்குப் பிறகு இருமல் நிற்கவில்லை. பத்தாவது ஊசி போட்டு மூன்றாம் நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காந்தம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்து கைக்குட்டையை வாயில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ரத்தம். மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பாடத்தை முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது வலது பக்கம் மேலே பஞ்சு ஒட்டியது போல வெண்மை. மூன்று நாள் சளி எடுத்துச் சோதித்தார்கள். கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது அந்தச் சோதனை. காசநோய்க் கிருமி மெழுகு பூசினது. ஒருமுறை சாயம் ஏறினால் அமிலம் ஊற்றினாலும் விடாது. அதைக் கொண்டுதான் அடையாளம் கண்டுபிடிப்பார்கள். நான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னதுதான் இது. என் பெயர் எழுதிய சீட்டிலேயே அதைப் படிக்க வேண்டி வந்தது.

தேவராஜ் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை. செய்தி கேட்டதும் அன்று மத்தியானமே மின்சார ரயில் பிடித்து வந்துவிட்டார். என் துணிகளைப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்கினார். எங்கள் மகள் ஷீலாவுக்கு ஏழு வயது. "அம்மா எதுக்கு ஊருக்குப் போறாங்க?" என்று கேட்டாள். "ஊருக்கில்ல, பக்கத்துலதான்" என்றார் ரூபி அக்கா. பக்கத்தில்தான். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள்.

மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். நீளமான ஓட்டுக் கட்டடங்கள், நடுவே வேப்பமரங்கள், எல்லாப் பக்கமும் திறந்த சன்னல்கள். ரயில் போகிற சத்தம் கேட்கும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே தாழப் போகும். என் வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, பிறகு ஐ.என்.எச். என்ற சின்ன வெள்ளை மாத்திரை, பிறகு பாஸ் என்று ஒரு தூள். அந்தத் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வயிறு ஒரு மணி நேரம் குமட்டும். ஊசி போட்டால் உதடு மரத்துப்போகும், காதில் ஒரு ரீங்காரம், நடந்தால் தரை சாயும். தலை சுற்றினாலும் நான் நடந்தேன். வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எழுபத்தெட்டு அடி. நாளைக்கு எத்தனை முறை நடந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. நர்ஸ் திட்டுவார், படுப்பேன், எழுந்துவிடுவேன்.

எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் வசந்தா. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வேகமாகப் பேசுவார், பேசும்போதே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். சோதனைக்கூடத்தையும் அவர்தான் கவனித்தார். முதல் நாள் என் இடுப்பில் இருந்த கறைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இரும்பு ஊசியா? எத்தனை?"

"பத்து, டாக்டர்."

"காய்ச்சல் இருக்கும்போதேவா?"

ஆமாம் என்றேன். அவர் என் சீட்டில் ஏதோ எழுதி இரண்டு கோடு இழுத்தார். "நான் சொல்றவரைக்கும் இரும்பு ஊசியோ மாத்திரையோ டானிக்கோ வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் என்று சொல்லவில்லை. ரத்தம் இல்லாதவளுக்கு இரும்பு வேண்டாம் என்றால் எப்படி? இந்தக் கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூன்று வாரம் பொறுத்தேன். ரத்தம் எடுக்க என்னைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய ஒரு காலை, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சன்னலண்டை நின்று கேட்டே விட்டேன்.

டாக்டர் வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சயின்ஸ் டீச்சர்தானே? இதைப் பாருங்க" என்று இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தூக்கிக் காட்டினார். நர்ஸ் பயிற்சிப் பெண்களுக்குக் காட்ட வைத்திருந்தாராம். இரண்டிலும் முட்டையின் வெள்ளைக்கரு, தண்ணீரில் கரைத்தது. இரண்டிலும் ஒரே வகைக் குடல் கிருமியை ஒரே அளவு விட்டிருந்தார். ஒரு குழாய் தெளிவாக இருந்தது. மற்றது இளஞ்சிவப்பாக மாறிக் கலங்கிப்போயிருந்தது.

"கலங்கினதுல என்ன போட்டீங்க?"

"ரெண்டு சொட்டு இரும்பு உப்பு. அவ்வளவுதான். நேத்து ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

பிறகு நின்ற வாக்கிலேயே விளக்கினார். ரத்தத்தில் இரும்பு தனியாகச் சுற்றுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்று ஒரு புரதம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் உடம்பெல்லாம் கொண்டுபோகிறது. முட்டை வெள்ளையிலும் அதே குடும்பத்துப் புரதம் ஒன்று இருக்கிறது. அந்தப் பிடியில் இருக்கும்வரை கிருமிக்கு இரும்பு கிடைக்காது. இரும்பு இல்லாமல் கிருமி பெருகாது. இரண்டு சொட்டு விட்டதும் புரதத்தின் கை நிறைந்துவிட்டது. மிச்சம் கிருமிக்குப் போய்விட்டது.

"எல்லாக் கிருமியும் இப்படிப் பட்டினி கிடக்குமா?" என்றேன்.

"எங்க கிடக்கும்? சில கிருமிங்க ஒரு சின்னப் பொருளைச் செஞ்சு வெளிய அனுப்பும். அது நம்ம புரதத்தோட கையிலேருந்தே இரும்பைப் பிடுங்கும். கிருமியோட மேல்தோல்ல அதுக்குன்னே புரதத்தாலான வாசல் இருக்கு. இரும்போட வர்ற பொருளை அடையாளம் கண்டு உள்ள இழுத்துக்கும். இரும்பு பஞ்சமாச்சுன்னா அந்த வாசல்களை இன்னும் நிறையச் செஞ்சுக்கும்."

"டி.பி. கிருமி?"

"அது இன்னும் கெட்டிக்காரக் கிருமி. மைக்கோபாக்டின்னு ஒண்ணை அந்த மெழுகுத் தோலுக்குள்ளேயே வெச்சிருக்கு. வெளியிலேருந்து இரும்பு கொண்டுவர்றதுக்கு வேற ஒண்ணு. அதுகிட்டேருந்து இது எப்படி வாங்கிக்குதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியலை. நம்ம உடம்பும் சும்மா இல்லை. காய்ச்சல் வந்ததும் இரும்பை எடுத்து ஈரல்ல பூட்டி வெச்சுடும். உங்க ரத்தம் குறைஞ்சதுக்குப் பாதிக் காரணம் அதுதான்." மூச்சு விட்டுக்கொண்டார். "அந்தப் பத்து ஊசிதான் உங்க வியாதியை முத்த வெச்சுதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம். அதனாலதான் நிறுத்தினேன்."

கடைசியாகச் சொன்ன மூன்று வாக்கியங்களை நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ரூபி அக்கா அடுக்கு கேரியரோடு வந்தார். மேல் தட்டில் ஈரல் சூப், மிளகு தூக்கலாக. சிட்லபாக்கத்திலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா" என்றேன். "இதெல்லாம் எனக்குப் போகலை. கிருமிக்குத்தான் போகுது. நீங்க இத்தனை நாளா அதுக்குத்தான் விருந்து வெச்சிருக்கீங்க."

பாடம் சொல்கிற குரலில் முழுவதும் சொன்னேன். குழாய், முட்டை, புரதம், வாசல். அவர் கேரியரின் மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், புரியாமல் இல்லை. முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நான்தான் உனக்கு முத்த வெச்சேனா எஸ்தர்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றேன். அவர் மூடியைப் போட்டுக் கேரியரைப் பூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து ரசம் சாதமும் அப்பளமும் வந்தது. தேவராஜ்தான் வேலைக்குப் போகும் முன் கொண்டுவந்தார். "அக்கா ஏன் வரலை?" என்றதற்கு, "முட்டி வலியாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அடுத்த கட்டில் கன்னியம்மாவுடையது. கோவிலம்பாக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். சொந்த நிலத்திலேயே நாற்று நட்டவள். நான் வருவதற்கு முன்பே மூன்று மாதமாக அங்கே இருந்தாள். என்னைப் போல அவளுக்கும் ரத்தம் இல்லை. ஆனால் அவளுக்கு தினமும் இரண்டு சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை. நான் சோதனைக்கூடத்திலிருந்து வந்ததிலிருந்தே அவள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், டாக்டரம்மாவாண்ட அம்மாம் நேரம் பேசிக்கினு இருந்தே? அக்காவ வேற அழ வுட்டு அனுப்பிச்சுட்டே?"

அவளுக்கும் சொன்னேன். உற்சாகமாகவே சொன்னேன். பல வாரங்களாகப் பாடம் சொல்லாத வாய்க்கு ஒரு மாணவி கிடைத்த சந்தோஷம். உடம்பில் கிருமி இருக்கும்போது இரும்பு சாப்பிட்டால் கிருமிக்குச் சோறு போடுவது மாதிரி என்றேன்.

கன்னியம்மா தலையணைக்கு அடியிலிருந்து அன்றைய மாத்திரைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அப்போ இத்த நான் இன்னாத்துக்குத் துன்றேன்? துன்னா வவுத்தப் பொரட்டுது. வெளிக்கிப் போனா கறுப்பாப் போவுது. நெசமாத்தான் சொல்றியா?"

"எனக்கு நிறுத்திட்டாங்க" என்றேன். "நீயே யோசிச்சுக்கோ."

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ முறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள முயன்றிருக்கிறேன். பலிக்கவில்லை. அவள் யோசிக்கவில்லை. என்னை நம்பினாள். சன்னலுக்கு வெளியே கனகாம்பரச் செடிகள் இருந்தன. அன்று முதல் மாத்திரைகள் அங்கே போயின. நான் பார்த்தேன். பார்த்துப் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் போனது. எனக்கு எடை ஏறவே இல்லை. மற்ற எல்லோருக்கும் இரண்டு பவுண்டு, மூன்று பவுண்டு ஏற, நான் அப்படியே நின்றேன். ஷீலா வாரத்துக்கு ஒருமுறை வேலிக்கு வெளியே தேவராஜ் தோளில் உட்கார்ந்து கையாட்டுவாள். எதையோ கத்திச் சொல்வாள், ரயில் சத்தத்தில் கேட்காது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.

அந்த மாதம் கன்னியம்மாவுக்கு மாதவிலக்கில் அதிகம் போனது. ஒரு ஞாயிறு காலை குழாயடியில் வாளியைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். உதடும் கன்னமும் ஒரே நிறமாக, சுண்ணாம்பு போல இருந்தது. அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது எனக்கே கேட்டது.

கட்டிலில் கிடத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் வசந்தா கட்டிலருகிலேயே யோசித்துக்கொண்டு நின்றார். "ஒரு மாசமா மாத்திரை சாப்பிட்டும் ஏறலை, இறங்கியிருக்கு. உள்ள எங்கேயோ ரத்தம் கசியுது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும்."

கன்னியம்மாவின் கணவர் ஏழுமலைக்கு ஆள் விட்டார்கள். பதினோரு மணிக்கு சைக்கிளில் வந்து சேர்ந்தார். குழாய், பெரிய ஆஸ்பத்திரி என்று கேட்டதுமே மிரண்டுவிட்டார். "வவுத்தக் கீறிடுவாங்கோ. என் தங்கச்சிய அப்டித்தான் இஸ்துகினு போனாங்கோ, பொணமாத்தான் குடுத்தாங்கோ. வோணாம்மா. நான் வூட்டுக்கு இட்டுனு பூட்றேன். கையெழுத்து எங்க வெக்கணும் சொல்லு."

நடுவில் போனால் மருந்து நின்றுவிடும். நின்றால் நோய் திரும்ப வரும், அப்போது மருந்துக்கும் கட்டுப்படாது. அதை எங்களுக்கெல்லாம் முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். கன்னியம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். நர்ஸ் அவளிடம், "மாத்திரையெல்லாம் ஒழுங்கா முழுங்கினியா?" என்று கேட்டார்.

"முயுங்கனேன்" என்றாள் அவள்.

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வராந்தாவுக்குப் போனேன். இந்த முனையிலிருந்து அந்த முனை. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால்? தேவராஜுக்கு? இவ்வளவு படித்தவள் என்று என்னோடு நின்று பேசுகிற டாக்டர் இனி பேசுவாரா? ஏழுமலை வார்டிலிருந்து துணி மூட்டையோடு வெளியே வந்து, அதை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். கயிற்றில் முதல் முடிச்சு விழுந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

டாக்டர் வசந்தாவின் அறைக்குள் கேட்காமலேயே நுழைந்தேன். "அவ மாத்திரை சாப்பிடலை டாக்டர். மூணு வாரமா சன்னல் வழியா வீசிட்டா. நான் சொல்லித்தான்."

அவர் பேனாவை மூடினார். "என்ன சொன்னீங்க?"

சொன்னேன். கிருமி, சோறு எல்லாம். அந்த அறையில் அது எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலித்தது என்று சொல்ல முடியாது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "டீச்சர், அவங்க சளியில கிருமி தெரியாமப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. மருந்து அதை அடக்கிடுச்சு. அவங்களுக்கு ரத்தம் போனது கொக்கிப்புழுவால. வெறுங்காலோட சேத்துல நிக்கிறவங்களுக்கு வர்றது. குடல்ல ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா ரத்தத்தை உறிஞ்சிடுச்சு. புழுவுக்கு மருந்து கொடுத்தாச்சு, ஆனா போன இரும்பு போனதுதான். உங்க உடம்புல இரும்பு இருக்கு, பூட்டி வெச்சிருக்கு. அவங்க உடம்புல பூட்ட ஒண்ணுமே இல்லை, காலி. ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை ஒரே நம்பர்தான் காட்டும்."

நான் அழுதேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதியைச் சொல்லிட்டு ஓடினது நான். என் மேலயும் தப்பு இருக்கு" என்றார். எழுந்தவர் நின்று, "உங்களுக்கு ஏன் எடை ஏறலை? வீட்டுச் சாப்பாடுதானே?" என்றார்.

ஈரல் சூப்பைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன்.

"சூப்பையா? சூப்பை யார் நிறுத்தச் சொன்னது?" இந்த முறை குரல் உயர்ந்தது. "சாப்பாட்டுல வர்ற இரும்பைக் குடல் அளந்துதான் உள்ள விடும். காய்ச்சல் நேரத்துல இன்னும் குறைச்சு விடும். ஊசி அந்தக் குடலைச் சுத்திக்கிட்டு நேரா உள்ள போகுது, அதனாலதான் வேண்டாம்னேன். நல்ல சாப்பாட்டையும் நிறுத்திட்டு எப்படி எடை ஏறும்?"

பட்டணத்துக்கு அனுப்பும் பேச்சு அத்துடன் நின்றது. குழாயும் இல்லை, கீறலும் இல்லை, மாத்திரை சாப்பிடாததுதான் காரணம் என்று டாக்டர் ஏழுமலையிடம் சொன்னார். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "நான்தாங்க தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் வெளியே போய் மூட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

ஆனால் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏழுமலையின் ரத்தம் சேரவில்லை. வேறு யாரைக் கூட்டிவருவது என்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோது தேவராஜ் சாப்பாட்டோடு வந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். கேரியரைக் கீழே வைத்துவிட்டு வந்த வழியே சைக்கிளில் திரும்பிப் போனார். ஒரு மணி நேரத்தில் ரூபி அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இருவருமே சட்டைக் கையை, ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார்கள். அக்காவின் ரத்தம்தான் சேர்ந்தது.

ரத்தம் எடுக்கப் போகும் முன் என் கட்டிலருகே வந்தார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், சூப்பைப் பற்றியும். மன்னிப்பும் கேட்டேன். சரியாகக் கேட்டேனா தெரியாது, பாதி விக்கல்தான் வந்தது.

"இத்தனை நாளா நான் ராத்திரி ஜெபத்துல என்ன கேட்டுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு சிரித்தார். "நீ வேண்டாம்னப்புறமும் கறிக்கடைக்காரர் ஞாயித்துக்கிழமைக்கு ஈரல் எடுத்து வெச்சுட்டாரு. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. எல்லாம் நான்தான் சாப்பிட்டேன். இந்தப் பொண்ணுக்காவது போய்ச் சேரட்டும்."

கன்னியம்மாவுக்கு இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இரண்டாவது, மருத்துவமனையில் இருப்பில் இருந்தது. சாயங்காலம் அவள் உதட்டில் நிறம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அவள் கஞ்சி குடித்த பிறகு கேட்டேன், "நர்ஸ் கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒன் வேல பூடாதா? கெவுருமெண்டு சம்பளம் ஆச்சே." நெற்றியைச் சுருக்கினாள். "ஏன் டீச்சர், ஒனக்கே சரியாத் தெரியாதா அது?"

"தெரியாது" என்றேன்.

"தெரியாத்த ஏன் அம்மாம் ஜோராச் சொன்னே?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கன்னியம்மா எனக்கு முன்பே வீடு போனாள். காலில் ஏழுமலை வாங்கிவந்த புதுச் செருப்பு, பழக்கமில்லாமல் தத்தித் தத்தி நடந்தாள். எனக்கு எடை ஏறியது, காய்ச்சல் நின்றது, சளி சுத்தமானது. டாக்டர் சொன்னபடியே, ஒரு இரும்பு மாத்திரையும் இல்லாமல் ரத்தமும் மெல்ல ஏறியது. டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷீலா என்னைத் தொடாமல் வாசற்படியில் நின்று, "இப்போ தொடலாமா?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் தலையசைத்த பிறகுதான் ஓடிவந்தாள். மாத்திரைகள் இன்னும் ஒரு வருடம் இருந்தன.

கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியர் அறையில் சிலர் என் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அதைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, வரலாறு எடுக்கும் மரகதம் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எஸ்தர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா இருமல். சாயங்காலம் ஆனா சுடுது. ஆள் பாதியா ஆயிட்டாரு. ரத்தம் இல்லைன்னு ஒருத்தர் இரும்பு டானிக் கொடுத்திருக்காரு. கொடுக்கவா, நிறுத்தவா? உங்களுக்கு எல்லாம் தெரியுமே."

முட்டை வெள்ளையில் தொடங்கி அத்தனையும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. கரும்பலகை கூட எதிரேதான் இருந்தது.

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றேன். "திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு, நான் இருந்த ஆஸ்பத்திரிக்கு அவரை அழைச்சுக்கிட்டு வாங்க. நானும் வர்றேன்."

"அவர் வரமாட்டாரே. பேரைக் கேட்டாலே பயம்."

"நான் அங்க போயிட்டுத் திரும்பி வந்தவள்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை மூவரும் புறநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மரகதம் டீச்சரின் கணவர் நல்ல உயரம், சட்டை தொளதொளவென்று தொங்கியது. டானிக் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார். எட்டரை மணிக்கு உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மரகதம் டீச்சர் எழுந்தார். அவர் எழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

நான் எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கை சுட்டது.